வலைக்கூடச் சுவர்: உப்பு தின்ற ஓவியமும் அதை மீண்டும் தீட்டிய விதமும்

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டத்துக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். அங்கு வலைகளை வைக்கும், பின்னும் வலைக்கூடத்தின் முதுகுச் சுவர்தான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. நீளம் 50 அடி, உயரம் 12 அடி. கதவோ ஜன்னலோ இல்லாத 600 சதுர அடிப் பரப்பு. முகம் தென்மேற்கு. அலை வந்து திரும்பும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கீழே மூன்றடிக்குப் பழைய வெட்டுகல் (செம்பூராங்கல்) கட்டு, அதற்குமேல் பின்னாளில் எழுப்பிய சிமெண்ட் பிளாக் கட்டு. தை மாதத்தில் ஆறு நாள் தெரு ஓவிய விழாவில் படம் தீட்டப்பட்டது. ஆவணி பிறக்கும்போது அடிப்பகுதி ஓடு ஓடாகக் கழன்று விழுந்தது. கார்த்திகையில் மேலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கின. அடுத்த ஆண்டு சுவரைச் சரிசெய்து படத்தை மீண்டும் தீட்டினார்கள்.

ஊர்ப் பெயர் இங்கே இல்லை, ஏனென்றால் இது ஒரு மாதிரிச் சுவர். இந்தக் கரையில் வெவ்வேறு சுவர்களுக்கு நேர்கிற சேதங்களை ஒரே சுவரில் வைத்துக் காட்டுகிறோம். அப்போதுதான் அளவும் கணக்கும் தெளிவாக நிற்கும்.

எங்கிருந்து வந்தது இந்த ஆறு நாள் கணக்கு

டெல்லி லோதி காலனியில் 2015-16ல் தொடங்கிய சுவரோவிய வேலையும், சென்னை கண்ணகி நகரில் 2020ல் அடுக்குமாடிச் சுவர்களில் தீட்டப்பட்ட பெரிய ஓவியங்களும் நம் ஊர் இளைஞர்களுக்கு ஒரு கனவைக் கொடுத்தன. 2012 முதல் நடக்கும் கொச்சி - முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் இங்கே நிறைய. அந்தக் கனவு நல்லது. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொண்டது நாள் கணக்கையும் வண்ணப் பட்டியலையும் மட்டும். லோதி காலனிச் சுவருக்குக் கடல் என்றால் என்னவென்று தெரியாது. இங்குள்ள சுவரில் உப்பு இருக்கிறது, உப்பு தினமும் வந்துகொண்டும் இருக்கிறது.

சுவரோவியம் இந்த மாவட்டத்துக்குப் புதிது அல்ல. திருநந்திக்கரைக் குடைவரையில் பழைய ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. சுசீந்திரம் கோபுரத்தின் உட்சுவர்களிலும் பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையின் மேல்தளத்திலும் முழு ஓவியங்களே இருக்கின்றன. இம்மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: எதன் மேலும் நேராக மழை விழாது. பத்மநாபபுரத்து மரபில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சுண்ணாம்பும் இளநீரும் கலந்த மெல்லிய பூச்சை இருபத்தைந்து, முப்பது முறை ஏற்றி, அதன் பிறகே காவிச் சிவப்பும் காவி மஞ்சளும் விளக்குக் கரியும் வைத்தார்கள். படத்துக்குச் செலவிட்டதைவிடச் சுவருக்குச் செலவிட்ட நாள் அதிகம். நம் வலைக்கூடச் சுவரில் அது தலைகீழாக நடந்தது.

முதலில் நடந்த வேலை

விழா தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்பு, சுவரில் உடைந்திருந்த இடங்களைக் கொத்தனார் சிமெண்ட் பூசி அடைத்தார். ஊர்க் கிணற்று நீரால் நனைத்தார்கள். அந்த நீர் நாக்கில் வைத்தால் கரிக்கும். பிறகு 600 சதுர அடிக்கும் வெள்ளைப் பட்டி (சுவர்ப் புட்டி) இழுத்து, உப்புத்தாள் போட்டு, ஒரு கை, அதாவது ஒரு தடவை, சாதா பிரைமர். அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷன். படம்: நடுவில் கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுக்கும் ஆட்கள், வலப்புறம் வள்ளத்தின் அணியம் (முன்முனை), இடப்புறம் ஒரு பெரிய அயலை, பின்னால் ஒளிரும் ஆரஞ்சு நிறத்தில் சூரியன் இறங்கும் வானம்.

திறப்பு நாளில் படம் மிக அழகாக இருந்தது. விழாக்களில் சிக்கலே இதுதான்: ஏழாம் நாள் எல்லாச் சுவரும் நன்றாகத்தான் இருக்கும்.

கீழ் மூன்றடி: உப்பின் வேலை

முதலில் தெரிந்தது சிறு கொப்புளங்கள். கையால் அழுத்தினால் உள்ளே மாவு போல ஏதோ நொறுங்கியது. ஆடிக்குள் கொப்புளம் வெடித்து, நிறமும் பட்டியும் சேர்ந்து கைப்பிடியளவு ஓடுகளாகக் கழன்றன. கழன்ற ஓட்டின் பின்பக்கத்தில் வெள்ளை ரோமம் போல உப்புப் படிந்திருந்தது. நாக்கில் தொட்டால் உப்புத்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதை அடுக்களை உப்பு மரவை சொல்லும். ஆடி மழையில் மரவையில் உப்பு நீர் விடும்; வெயில் அடித்தால் மீண்டும் கட்டியாகும். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும். அதற்குக் கீழே இறங்கினால் படிகமாகும். இந்தக் கரையில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டும், வெயிலடிக்கும் மதியத்தில் சுவரின் முகம் காயும். ஆக, ஒரே நாளில்கூட உப்பு ஒருமுறை கரைந்து ஒருமுறை படிகமாகலாம். படிகம் வளரும்போது தன்னைச் சுற்றியுள்ள பூச்சைத் தள்ளுகிறது. எமல்ஷன் ஒரு தோல் போலச் சுவரை மூடியிருப்பதால், வெளியே பூக்க வேண்டிய உப்பு தோலுக்குப் பின்னாலேயே வளர்ந்து தோலைக் கிழிக்கிறது. நிறத்தின் தரம் இதில் குற்றவாளி அல்ல. விலை கூடிய, தோல் இன்னும் கெட்டியான நிறம் என்றால் ஓடுகள் இன்னும் பெரிதாக விழும், அவ்வளவுதான்.

உப்பு வந்த வழிகள் நான்கு. தரையிலிருந்து ஏறும் ஓதம் (ஈரக்கசிவு), அது பொதுவாக மூன்றடி வரை எட்டும். மீன் கழுவும் நீரும் ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் நீரும் சுவரடியில் தேங்கியது. கடற்காற்று கொண்டுவந்து ஒட்டும் உப்புத் தூசு. கடைசியாக, கரிக்கும் நீரால் குழைத்த, நனைத்த புதிய பூச்சு. இந்த நான்காவது நாமே வலிய ஊற்றியது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கே கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராமும், கம்பி உள்ளதற்கு 500 மில்லிகிராமும்தான் இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச அளவு. ஓவியச் சுவருக்கு நாக்கில் கரிக்காத நீர்தான் வேண்டும். ஒரு டேங்கர் நீர் வாங்கியிருந்தால் போதும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். வீட்டில் குடிநீர் சுத்திகரிப்பான் வைத்திருப்பவர்களிடம் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) போதும். தரையிலிருந்து அரையடி, ஒன்றரை அடி, மூன்றடி, ஐந்தடி, எட்டடி உயரங்களில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, ஒவ்வொன்றிலும் 10 கிராம் தூளை 100 மி.லி. சுத்திகரித்த நீரில் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு மீட்டரை வைக்க வேண்டும். பூச்சிலுள்ள சுண்ணாம்பும் கொஞ்சம் கரையும் என்பதால் தனி எண்ணுக்குப் பொருள் இல்லை. உயரத்துக்கு உயரம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வகைப் பூச்சுக்குள் கீழ் மாதிரிகள் மேல் மாதிரியைப் போலப் பல மடங்கு காட்டினால், அந்தக் கோடு வரை எமல்ஷன் நிற்காது. இங்கே எமல்ஷன் நிற்காத உயரம் வெட்டுகல் முடியும் இடத்தோடு ஒத்துப்போனது.

ஈரத்துக்கு இன்னும் எளிய சோதனை: ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டி ஒரு பகலும் ஓர் இரவும் விட வேண்டும். உள்முகத்தில் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. பழைய நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, கத்தியால் பெருக்கல் குறி போல இரண்டு அங்குலக் கீறல் போட்டு, டேப் ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். டேப்போடு நிறம் வந்தால் அதன் மேல் எதைத் தீட்டினாலும் அதுவும் சேர்ந்தே வரும். கறுப்புத் துணியால் தேய்த்து வெள்ளை ஒட்டினால் பழைய பூச்சு மாவாகிவிட்டது என்று பொருள்.

மேல்விளிம்பு

கார்த்திகை மழையில் இறங்கிய கறுப்புக் கோடுகளுக்குக் காரணம் சுவர் உச்சியில் இருந்தது. இந்தப் பக்கம் கூரை வெளியே நீளாமல் கைப்பிடிச் சுவராக முடிகிறது. உச்சியில் தட்டையான கோப்பிங் (சுவர் உச்சியை மூடும் பூச்சு), வாட்டம் (சரிவு) இல்லை, நீட்டமும் இல்லை. மழை நீர் உச்சியில் சேர்ந்த தூசியையும் பாசியையும் கரைத்துக்கொண்டு நேராகப் படத்தின் மேல் வழிந்தது. கொஞ்சம் நீர் விரிசல் வழியே பிளாக்குக்குள்ளும் இறங்கி, எட்டடி உயரத்தில் ஓர் இடத்தில் தோலை ஊத வைத்தது.

சரிசெய்ய வேண்டியது சிறு வேலைதான்: உச்சியில் பின்பக்கம் பார்த்த வாட்டம், முன்பக்கம் இரண்டு அங்குல நீட்டம், நீட்டத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் காடி. காடி இருந்தால் நீர் அந்த இடத்திலேயே சொட்டிவிடும், சுவரைத் தொடாது. காடி வைக்க மறந்த கோப்பிங் பாதி வேலைதான். ஐம்பதடிக்கு ஒரு கொத்தனாருக்கும் ஒரு கையாளுக்கும் இரண்டு நாள் வேலை. ஓவியத்தின் ஆயுளைக் கூட்ட இதைவிடச் சிக்கனமான செலவு வேறு இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

நடுப்பகுதி: வெளிறிய நிறங்கள்

நடுவில் தோல் நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் மூன்று குறைகள்.

கொத்தனார் அடைத்த இடங்களில் மட்டும் கரமடிக்காரர்களின் சட்டை நிறம் திட்டுத் திட்டாக வெளிறியது. புதிய சிமெண்ட் பூச்சு கடுமையான காரத்தன்மை கொண்டது. 28 நாளாவது ஆறாமல், காரம் தாங்கும் பிரைமர் இல்லாமல் நிறம் வைத்தால் சில நிறமிகளைக் காரம் சிதைக்கும். பிரஷ்யன் நீலம் காரத்தில் நிற்காது; அல்ட்ராமரின் நீலம் காரத்தைத் தாங்கும். தாலோ நீலம், தாலோ பச்சை, சிவப்பு ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு, டைட்டானியம் வெள்ளை, கரிக் கறுப்பு ஆகியவை காரத்தையும் வெயிலையும் தாங்குபவை.

இரண்டாவது, சூரியன். ஒளிரும் ஆரஞ்சு ஆறாம் மாதத்தில் பழைய காகித நிறத்துக்கு வந்துவிட்டது. ஒளிரும் நிறங்களில் இருப்பது சாயம். புற ஊதாக் கதிர் அதை உடைத்துவிடும். தென்மேற்குச் சுவருக்கு மதியம் முதல் அந்தி வரை முழு வெயில், கூடவே கடல் நீரிலிருந்து தெறிக்கும் ஒளி. ஆரஞ்சு வேண்டுமென்றால் மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் சேர்த்து, சுற்றிலும் குளிர்ந்த நீலச் சாம்பல் வைத்தால் கண்ணுக்கு அது சுடர்விடும். அந்தக் காவி இந்த மண்ணின் நிறமும்கூட. கடையில் கிடைக்கும் சிறு பாட்டில் ஸ்டெயினர்களை (நிறம் கூட்டும் சாறுகளை) அள்ளி ஊற்றி அடர் நிறம் செய்வதும் தவறு. டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால் பிடிமானம் குறைந்து நிறம் மாவாகும். அடர் நிறம் வேண்டுமென்றால் அடர் நிறத்துக்கென்றே விற்கும் அடிநிறத்தில் கடையிலேயே இயந்திரத்தில் கலந்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, வானத்தில் ரோலர் தடங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கொதிக்கும் சுவரில் அடித்ததன் விளைவு. ரோலர் திரும்பி வருவதற்குள் முந்தைய பட்டை காய்ந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடம் கோடாக நிற்கும். காய்வதற்குள் தோல் ஒழுங்காக உருவாகவும் நேரமிருக்காது. மேற்கு முகச் சுவருக்குக் காலை ஆறரை முதல் பதினொன்று வரை, கிழக்கு முகத்துக்கு மதியத்துக்குப் பின்: இதை விழா அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். கலைஞரின் ரயில் நேரத்தைப் பார்த்து அட்டவணை போட்டால் சுவர் ஒத்துழைக்காது.

கடற்கரைக்கே உரிய இன்னொரு வழக்கம் விடுபட்டிருந்தது. மதியம் கடற்காற்று எழுந்த பிறகு, அன்று காலை அடித்த பூச்சின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு படியும். மறுநாள் அதன் மேலேயே அடுத்த கை அடித்தால் இரண்டு பூச்சுக்கும் நடுவே உப்பு சிறைப்படும். மறுநாள் காலை நல்ல நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் சுவரைத் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டே அடுத்த கையைத் தொடங்க வேண்டும். ஸ்ப்ரே டப்பா வேலை என்றால் காற்று எழுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். அதன் பிறகு பாதி நிறம் காற்றில்தான் போகும்.

எப்போது தீட்டுவது

இங்கே ஒரு நெருடல் உண்டு. மேற்குக் கரை மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் கட்டியிருக்கும் அந்நாளில்தான் ஆட்கள் ஊரில் இருப்பார்கள், ஓவியத்துக்குக் கை கொடுக்க நேரமும் இருக்கும். ஆனால் மேற்குக் கரையின் தடைக்காலம் அப்படியே தென்மேற்குப் பருவமழைக் காலம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கும் வந்துவிடும். சுவர் காய்ந்திருக்கும் காலம் தை, மாசி, பங்குனி மட்டுமே.

தீர்வு, வேலையைப் பிரிப்பதுதான். ஆட்கள் இருக்கும் தடைக்காலத்தில் பேச்சும் வரைவும் தாளில் படம் பழகுவதும். மார்கழியில் மழை விட்டதும் கொத்தனார் வேலை. 28 நாளுக்குக் குறையாமல் ஆறவிட்டு, மாசியில் நிறம். ஆறு நாள் விழா நடக்கட்டும். அது ஏழு மாத வேலையின் கடைசி ஆறு நாளாக இருக்க வேண்டும்.

அயலைக்கு வந்த புகார்

படத்தைப் பற்றி ஊரில் முதலில் வந்த புகார் மீனைப் பற்றியது. இணையத்தில் எடுத்த மாதிரியைப் பார்த்துத் தீட்டியதால் முதுகில் வரிக்குதிரை போல வளைந்த குறுக்குக் கோடுகள் வந்துவிட்டன. அது அட்லாண்டிக் கடலின் வகை. நம் அயலைக்கு முதுகோரம் நீளவாக்கில் கோடுகளும் புள்ளி வரிசையும்தான். வாலருகே மேலும் கீழும் ஐந்தைந்து சிறு துடுப்புகள் இருக்கும், அவையும் படத்தில் இல்லை. மீன் ஏலம் விடும் பெண்கள் இதை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்கள். கலை நயம் என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. அன்றாடம் கையில் பிடிக்கிற பொருளைத் தவறாக வரைந்த சுவரை ஊர் தன்னுடையதாக நினைக்காது. நினைக்காத சுவரைக் காக்கவும் காக்காது.

ஆகவே, மறுமுறை தீட்டுவதற்கு முன் வரைவுத் தாள் மூன்று இடங்களுக்குப் போனது: பங்குப் பேரவை (ஊர்த் தேவாலயப் பங்கின் சபை), வலை பின்னும் மூத்தவர்கள், ஏலக்கூடத்துப் பெண்கள். கரமடிக் கயிற்றைப் பிடிக்கும் கை நிலை, அணியத்தின் வளைவு, மீன், மூன்றும் திருத்தப்பட்டன. பேரலை ஒன்றைப் பின்னணியில் வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஊரார் வேண்டாம் என்றார்கள். 26.12.2004 சுனாமியும் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலும் ஆளெடுத்த கரை இது. எழும் அலையை தினமும் பார்க்கும் சுவரில் வைப்பதா என்பதை வீட்டில் ஆளை இழந்தவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். உயிரோடு இருப்பவர் முகத்தை வைப்பதானால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். கட்சிக் கொடி நிறச் சேர்க்கைகள் தற்செயலாக வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குறையை யாரும் புகாராகச் சொல்லவில்லை, செய்து காட்டினார்கள். சுவரில் பழைய வலை மாட்டும் கொக்கிகள் இருந்தன. படத்துக்காக அவற்றைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாம் வாரமே புது ஆணிகள் வானத்தில் ஏறின. இது உழைக்கும் சுவர். இரண்டாம் முறை, பத்தடி உயரத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக ஒன்பது துருப்பிடிக்காத கொக்கிகள் முதலிலேயே பதிக்கப்பட்டன. படத்தில் அவை தோணிக் கயிறு கட்டும் முளைகளாக வரைந்து சேர்க்கப்பட்டன. சாதா இரும்பு ஆணி என்றால் துருக் கோடு வடியும், 316 தர எஃகுதான் கடல் காற்றில் ஓரளவு நிற்கும்.

மறுசீரமைப்பு: படியும் அளவும்

முதலில் சுவரடி. தேங்கும் நீரை வெளியேற்ற, சுவரிலிருந்து மூன்றடி அகலத்துக்கு நாற்பதடிக்கு ஓரடி வாட்டத்தில் தளம் போட்டு ஓடைக்கு வழி விடப்பட்டது. இதைச் செய்யாமல் மேலே எதைச் செய்தாலும் வீண்.

கீழ் மூன்றடி, அதாவது 150 சதுர அடிச் சிமெண்ட் பூச்சு முழுவதும் கொத்தி எடுக்கப்பட்டது. இணைப்புகள் ஒரு விரற்கடை ஆழம் சுரண்டி, கம்பித் தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே உப்பைத் தேய்த்து முறத்தில் பிடித்து அகற்ற வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள் போய்விடும். பின்னர் ஒத்தடம்: பழைய செய்தித்தாளை நல்ல நீரில் ஊறவைத்து இடித்த கூழை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, முழுதும் காயும்வரை விட்டு உரித்தெடுப்பது. காயும்போது உப்பு கூழுக்குள் இடம்பெயரும். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறை உரித்த கூழிலும் ஒரே அளவு எடுத்து நீரில் கரைத்து டிடிஎஸ் பார்த்தால் எண் இறங்குவது தெரியும்.

அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு, நீரிலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கழுவிய ஆற்று மணலோ பூச்சு எம்-சாண்டோ மூன்று பங்கு. பத்து மில்லிமீட்டர் வீதம் இரண்டு தடவை. இருபது மில்லிமீட்டர் கனத்துக்கு 150 சதுர அடிக்கு ஏறக்குறைய 10 கன அடிக் கலவை. சேதாரமும் இணைப்புகளும் சேர்த்துச் சுண்ணாம்பு 4 கன அடி, மணல் 11 கன அடி வாங்கினால் சரியாக இருக்கும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பத்து நாள் வாடாமல் பார்க்க வேண்டும். இந்தப் பூச்சு மூச்சுவிடும்; ஓதம் இதன் வழியே வெளியேறி, உப்பு இதன் மேலேயே பூக்கும். நாலைந்து ஆண்டில் இது பொரிந்தால் இதை மட்டும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம். சுவருக்காகத் தன்னைக் கொடுக்கும் பூச்சு என்று இதை நினைக்க வேண்டும்.

ஆகவே கீழ் மூன்றடியில் படம் கிடையாது. கோயில் சுவர்களில் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் போடும் பட்டையை ஊர் அறியும். அதே முறையில் சுண்ணாம்புக் கரைசலில் சிவப்பு ஆக்சைடு சேர்த்து, நீர்த்த நான்கு கை. படம் மூன்றடிக்கு மேலே தொடங்குகிறது. இரு சக்கர வண்டிகளின் கைப்பிடி உரசுவதும் பந்து அடிபடுவதும் பெரும்பாலும் இந்தப் பட்டையோடு போய்விடும்.

மேலே 450 சதுர அடி. பழைய நிறத்தில் கழன்றதை மட்டும் எடுத்து, கழுவி, நிழல் ஓரத்துப் பாசிக்குப் பிளீச்சிங் கரைசல் போட்டு, அந்தக் கரைசலின் மிச்சம் துளியும் இல்லாமல் மீண்டும் கழுவ வேண்டும். அதுவும் உப்பை விட்டுச்செல்லும். வெளிச்சுவரில் முழுப் பரப்புக்கும் பட்டி வேண்டாம். சொரசொரப்பு இருப்பது நல்லது, நிறம் பிடிக்க இடம் கிடைக்கும். காரம் தாங்கும் அக்ரிலிக் பிரைமர் ஒரு கைக்கு 5 லிட்டர். அடித்தள எமல்ஷன் இரண்டு கைக்கு, லிட்டருக்கு 50 சதுர அடி என்ற கணக்கில் 9 லிட்டர். படத்து நிறங்கள் எல்லாம் சேர்ந்து 10 லிட்டர். அதில் வெள்ளை மட்டும் 4 லிட்டர் வைத்துக்கொள்வது வசதி, எல்லா இளநிறமும் அதிலிருந்துதான். நீர் சேர்ப்பது டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது. நீர்வண்ணம் போலக் கரைத்து இழுத்த பகுதிகள்தான் முதலில் மாவாகின்றன.

வரைவைச் சுவரில் ஏற்றச் சதுரக் கட்டம் போடுவது பழைய வழி. இந்த நீளத்துக்குக் கிறுக்கல் முறை விரைவு. சுவர் முழுக்க ஒன்றைப்போல் ஒன்றில்லாத கிறுக்கல்களை நீர்த்த காவியால் போட்டு, புகைப்படம் எடுத்து, கைப்பேசியில் அதன் மேல் வரைவை அரைகுறையாகத் தெரியும்படி வைத்தால் எந்தக் கோடு எங்கே வெட்டுகிறது என்று தெரியும். மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். அதன் மை இரண்டு கை எமல்ஷனையும் தாண்டி மேலே கசியும். நேர்கோட்டுக்கு நூல் அடிக்கும்போது நீலப்பொடி போதும், காவிப்பொடி கறை பிடித்து நிற்கும்.

சாரம் தனியே நிற்கும்படி, சுவரில் துளை போடாமல். மணல் தரையில் கால்கள் இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிப் பலகை வைக்க வேண்டும். கூடத்துக்கு வரும் மின்கம்பி சாரத்தை நெருங்கினால் மின்வாரிய ஆட்களைக் கொண்டு இணைப்பைத் துண்டித்த பிறகே ஏறலாம். இதில் சமரசம் இல்லை.

மேலே பளபளக்கும் வார்னிஷ் அடிக்கக் கேட்டவர்கள் உண்டு. அடிக்கக் கூடாது. உப்பும் ஈரமும் உள்ள சுவருக்கு இன்னொரு தோல் போர்த்தினால் கழலும் வேகம் கூடும். நீர் ஒட்டாமல் செய்யும் சிலிக்கான் வகைக் கரைசலும் உப்பேறிய பகுதிக்குக் கேடு: உப்பு மேலே பூக்காமல் உள்ளே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் படிகமாகிப் பூச்சையே பெயர்த்துவிடும்.

காகிதங்கள்

வலைக்கூடம் யாருடையது என்பதே முதல் கேள்வி. அரசுத் துறை கட்டியது, பேரூராட்சி அல்லது ஊராட்சி கட்டியது, பங்கு கட்டியது என மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. வாய்ச் சம்மதம் தந்தவர் உரிமையாளராக இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. திறந்தவெளிகளின் அழகைக் குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. எனவே எழுத்துச் சம்மதம் கையில் இருக்க வேண்டும். நன்கொடையாளர் சின்னத்தைப் பெரிதாகப் போட்டால் படம் விளம்பரமாகிவிடும், அதற்கான அனுமதியும் கட்டணமும் வேறு.

கலைஞரோடு ஓர் ஒப்பந்தம், ஒரே பக்கம் போதும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான உரிமையைக் கலைஞரிடமே வைக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979ல் அகற்றப்பட்ட தன் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005ல் டெல்லி உயர்நீதிமன்றம் படைப்பைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம்: கீழ்ப்பட்டையை ஊரே புதுப்பிக்கலாம்; படத்தை யார், எந்த நிறத்தால் திருத்தலாம்; சுவரை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ நேர்ந்தால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு ஊர் முழுக்க வெள்ளையடிக்கும் வழக்கம் இருக்கும் இடத்தில் மூன்றாவது வரி மிக அவசியம்.

பராமரிப்புப் பெட்டி

வலைக்கூடத்தின் உள்ளே ஒரு தகரப் பெட்டி. அதில் படத்தில் வந்த ஒவ்வொரு நிறத்திலும் 250 மி.லி., இறுக மூடிய கண்ணாடிப் புட்டிகளில். மூடியில் நிறக் குறியீட்டு எண்ணும் கலந்த விகிதமும். ஒன்றரை அங்குலத் தட்டைத் தூரிகை இரண்டு, ஆறாம் எண் வட்டத் தூரிகை இரண்டு, ஸ்பாஞ்சு, 120ஆம் எண் உப்புத்தாள். திறப்பு நாளில் ஐந்தடிக்கு ஒன்றாக எடுத்த பத்துப் புகைப்படங்களின் அச்சு, ஒரு நோட்டு.

ஆண்டுக்கு இரண்டு முறை வேலை. ஆவணியில் தென்மேற்கு மழை குறைந்ததும் உச்சியிலிருந்து கீழாக நல்ல நீர் பீய்ச்சி உப்பைக் கழுவுவது. உயர் அழுத்தக் குழாய் வேண்டாம், தோட்டக் குழாய் போதும். தை பிறந்ததும் கோப்பிங் காடியைக் குச்சியால் சுத்தம்செய்து, விரிசலை அடைத்து, கீழ்ப்பட்டையில் பூத்த உப்பை உலர் தூரிகையால் தட்டி எடுத்து, ஒரு கை சுண்ணாம்பு. போஸ்டர் ஒட்டியிருந்தால் கிழிக்காமல், வெந்நீர்த் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி மைதாப் பசை இளகிய பிறகு உரிக்க வேண்டும். எந்த அடியில், எந்த உயரத்தில் கொப்புளம் என்று நோட்டில் எழுதி, அதே இடத்தின் பழைய புகைப்படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றடிக் கோட்டுக்கு மேலே புதிய கொப்புளம் தெரிந்தால் நிறப் புட்டியைத் திறக்கும் முன் சுவரடித் தளத்தின் வாட்டத்தையும் ஓடையையும் போய்ப் பார்க்கவும். பெரும்பாலும் மீன் செதில் அடைத்து நீர் திரும்பி நின்றிருக்கும்.